கிட்டங்கிக்குள் என்ன இருக்கிறது?

காயல்பட்டினம்
18 ஜனவரி 2025

திருமதி ராஹிலா யஹ்யா அவர்களுக்கு,

பலசரக்குக் கடை சண்முகசுந்தரி எழுதுவது. என் எண்ணை நீங்கள் பிளாக் செய்துவிட்டீர்கள். இனி கடைப் படி ஏற மாட்டேன் என்றும் சொல்லிவிட்டுப் போனீர்கள். உங்கள் வாசலில் வந்து நிற்க எனக்கும் மனமில்லை. அதனால் பால் ஊற்றுகிற பகவதியிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். இரண்டு தெரு தள்ளி இருக்கிற வீட்டுக்குக் கடிதம் எழுதுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

வியாழக்கிழமை நடந்ததை நீங்கள் பாதியிலிருந்துதான் பார்த்தீர்கள். முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மகன் ஸுஹைபும் மகள் இஃப்ராவும் இந்த மாதம் மூன்று தடவை கடைக்கு வந்தார்கள். முதல் தடவை வந்துபோன பிறகு, ரவை டின்னில் கோலமாவு அட்டையும் கோலமாவு டின்னில் ரவை அட்டையும் இருந்தன. நான் கண்ணாடி போடாமல் நிறுத்துக் கொடுத்துவிட்டேன். தேவகனி டீச்சர் உப்புமா கிண்ட எண்ணெய் காயவைத்துவிட்டு, கோலமாவோடு திரும்பி வந்தார். இரண்டாம் தடவை, தொங்குகிற ஷாம்புச் சரங்களையெல்லாம் இஃப்ரா மூன்று கால் சடையாகப் பின்னி வைத்திருந்தாள். பிரிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. இதையெல்லாம் நான் உங்களிடம் சொல்லவில்லை. பிள்ளைகள்தானே என்று விட்டேன்.

வியாழக்கிழமை அவள் கொண்டைக்கடலை டின்னைத் திறந்து, படியால் அள்ளித் தரையில் கொட்டினாள். தவறிக் கொட்டவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒரு படி, மறுபடி ஒரு படி. நான் குனிந்து வாரிக்கொண்டிருந்தபோது பையனைக் காணோம். பின்னால் சரக்கு அடுக்கி வைக்கிற கிட்டங்கியிலிருந்து வந்தான். சட்டைக்குள் நெத்திலிக் கருவாடு ஒரு பாக்கெட். இன்னொரு பாக்கெட்டின் வெறும் உறை அவன் கால்சட்டைப் பையில். நான் காதைப் பிடித்தேன். ‘களவாணி’ என்றேன். அப்போதுதான் நீங்கள் உள்ளே வந்தீர்கள்.

அதன் பிறகு நான் சொன்னதும் நீங்கள் சொன்னதும் நமக்குத் தெரியும். என் கடை அரிசியில் பாதி கல் என்று சொன்னீர்கள். பன்னிரண்டு வருடம் அந்தக் கல்லைத்தான் பொங்கிச் சாப்பிட்டீர்கள் போல.

இனி பிள்ளைகளைக் கடைக்கு அனுப்ப வேண்டாம். இதைச் சொல்லத்தான் எழுதினேன்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. வாசலிலேயே மிட்டாய் பாட்டில் இருக்கிறது. பிஸ்கட் இருக்கிறது. இவ்வளவையும் விட்டுவிட்டு ஏழு வயசுப் பையன் எதற்காக நெத்திலிக் கருவாட்டை எடுக்கிறான்?

சண்முகசுந்தரி


19 ஜனவரி 2025

கடைக்கார சண்முகசுந்தரி அம்மாள் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பிள்ளைகள் செய்ததையெல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொன்னதை மட்டும் ‘நமக்குத் தெரியும்’ என்று தாண்டிப் போய்விட்டீர்கள். நான் எழுதுகிறேன். “வாப்பா கண்ணு முன்னால இல்லாம வளர்ற புள்ள இப்படித்தான் போகும்” என்று சொன்னீர்கள். என் பிள்ளை அழுதுகொண்டு நிற்கும்போது, மூன்று பேர் முன்னால் சொன்னீர்கள்.

அந்த மூன்று பேர் யார் யார் என்று நினைவிருக்கிறதா? தேவகனி டீச்சர், ஆட்டோ ஜெபகனி அண்ணன், மூன்றாவது ஆள் என் மைனி. என் கணவருடைய அண்ணன் மனைவி. நான் வீட்டுக்கு வந்து பிள்ளைக்கு முகம் கழுவி விடுவதற்குள் மைனி சவூதியில் தம்மாமில் இருக்கிற அவருக்குப் போன் பேசி முடித்துவிட்டார்கள். மகன் கடையில் திருடினான், கையும் களவுமாகப் பிடித்தார்கள் என்று என் கணவர் காதுக்குப் போய்விட்டது.

அவர் சத்தம் போடுகிற மனிதர் இல்லை. அமைதியாகச் சொன்னார். “நீ ஒத்தையா எத்தனயத்தான் பாப்ப? ஜூன்ல அவன ஹாஸ்டல்ல சேத்துருவோம்.” திருச்சிப் பக்கம் ஒரு பள்ளியாம். கூட வேலை பார்க்கிறவரின் மகன் அங்கே படிக்கிறானாம். ஸுஹைபுக்கு இன்னும் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போடத் தெரியாது. ஒன்று மேலே ஏறிவிடும், ஒன்று கீழே இறங்கிவிடும். அவனைத் திருச்சிக்கு அனுப்ப வேண்டும்.

நீங்கள் ஒரு காதைத்தான் பிடித்தீர்கள் அக்கா. ஆனால் என் வீடு மொத்தமும் வலிக்கிறது.

இதோடு இரண்டு பாக்கெட் நெத்திலி அனுப்பியிருக்கிறேன். அதே எடை. வேறு கடையில் வாங்கியது.

உங்கள் கேள்விக்கு எனக்கும் பதில் தெரியவில்லை. எங்கள் வீட்டில் கருவாடு பொரித்தால் ஸுஹைப் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடிவிடுவான். இஃப்ரா அவனுக்கு மேலே. இரண்டு பேரையும் உட்காரவைத்துக் கேட்டுவிட்டேன். மிரட்டியும் கேட்டேன், கொஞ்சியும் கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். வாயைத் திறப்பதில்லை.

ராஹிலா


24 ஜனவரி 2025, மதியம்

ராஹிலா,

மற்ற வழக்கெல்லாம் அப்புறம். முதலில் இதைப் படி.

புத்தாண்டு கழிந்து கிட்டங்கியில் எட்டு இடத்தில் எலி மருந்துக் கேக் வைத்திருந்தேன். பச்சை நிறத்தில் இருக்கும். இன்றைக்கு எலி தின்றிருக்கிறதா என்று பார்க்கப் போனேன். இரண்டுதான் இருக்கிறது. ஆறைக் காணோம். எலி கடித்திருந்தால் தூள் சிந்தியிருக்கும். ஒரு தூள் இல்லை. கேக் வைத்திருந்த காகிதத் தட்டு ஆறையும் யாரோ ஒன்றின்மேல் ஒன்றாக அழகாக அடுக்கி மூலையில் வைத்திருக்கிறார்கள். எந்த எலி தட்டை அடுக்கி வைக்கும்?

உன் வீட்டுக்கு ஓடி வந்தேன். நீ பிள்ளைகளோடு ஆறுமுகநேரிக்குப் போயிருப்பதாக மைனி ஜன்னல் வழியாகச் சொன்னார்கள். உடனே உனக்குப் போன் போடச் சொன்னேன். போட்டார்கள். நீ எடுக்கவில்லை. எடுக்கும்வரை போடச் சொல்லிவிட்டு, அவர்கள் மறந்துவிட்டால் என்ன செய்வது என்று அங்கேயே நின்று இதை எழுதிக் கொடுக்கிறேன்.

பிள்ளைகள் வாயில் வைத்தார்களா, கையில் தொட்டார்களா, கேள். டாக்டரிடம் காட்டு. இன்றைக்கு நன்றாக இருந்தாலும் இரண்டு நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும் என்று மருந்துக் கடையில் சொல்கிறார்கள். மருந்தின் அட்டைப்பெட்டியை இதோடு வைத்திருக்கிறேன். டாக்டருக்குத் தேவைப்படும்.

இன்னொன்று. கிட்டங்கிப் பரணில் மூன்று நான்கு வாரமாக ஏதோ சீறுகிறது. பாம்பு என்று நினைத்து நான் அந்தப் பக்கம் ஏறுவதில்லை. அடுத்த வாரம் பாம்பு பிடிக்கிறவர் வருகிறார். அந்த அறைக்குள்தான் உன் மகன் போய்விட்டு வந்திருக்கிறான். காலில், கையில் பல் பட்ட தடம் இருக்கிறதா, பார்.

எப்படி இருக்கிறார்கள் என்று பகவதியிடம் சொல்லி அனுப்பு.

சுந்தரி


26 ஜனவரி 2025

சுந்தரியக்காவுக்கு,

பகவதியிடம் ‘நல்லா இருக்காங்க’ என்று சொல்லி அனுப்பியது வந்து சேர்ந்திருக்கும். விவரமாக இப்போதுதான் எழுத முடிகிறது.

அன்றைக்கே திருச்செந்தூரில் டாக்டரிடம் காட்டினேன். இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இன்று காலை மறுபடி எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. அட்டைப்பெட்டியைக் கொடுத்துவிட்டது நல்லதாகப் போயிற்று என்று டாக்டர் சொன்னார். காலிலும் கையிலும் தடம் எதுவும் இல்லை.

ஆஸ்பத்திரிப் பெஞ்சில் வைத்து ஸுஹைபிடம் கேட்டேன்.

“எலி மருந்துக் கேக்க எடுத்தியாலே?”

“ஆமா.”

“வாயில வச்சியா?”

“ச்சீ. அது வெசம்லா உம்மா. கையில பை மாட்டிக்கிட்டுத்தான் எடுத்தேன்.”

“பின்ன எதுக்கு எடுத்த?”

“எலி தின்னுரும்லா.”

“எலி தின்னத்தானேலே வைக்காங்க?”

இதுகூடவா தெரியாது என்பதுபோல என்னைப் பார்த்தான். “அந்த எலியத் தின்னுறது செத்துப்போயிரும். நம்ம பூனை அப்படித்தானே செத்துச்சு. நீங்கதானே சொன்னீங்க.”

“அங்கன எது எலியத் தின்னுது?”

அவ்வளவுதான். வாயை இறுக்கிக்கொண்டான். அது போதாது என்று இஃப்ரா எழுந்து அவன் வாயைத் தன் கையால் வேறு பொத்தினாள்.

ஆறு கேக்கையும் பிளாஸ்டிக் பையில் கட்டி எங்கள் கொல்லையில் புதைத்திருந்தான். தோண்டி எடுத்து, எண்ணிப் பார்த்து, விஷம் என்று சொல்லிக் குப்பை வண்டியில் தனியாகக் கொடுத்துவிட்டேன்.

அக்கா, இன்னொரு விஷயம். எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. உங்களைத் தவிர யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. ஸுஹைபின் பள்ளிக்கூடப் பைக்குள் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. திறந்தால் கறுப்பாக, கட்டைவிரல் பருமனில் ஏழெட்டு உருண்டை. காய்ந்த ரோமம் சுருட்டியதுபோல. முதலில், யாரோ நமக்கு எதையோ செய்து வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். தூக்கி எறியப் போனேன். பிறகு மனசு கேட்கவில்லை. உள்ளே என்ன என்று தெரிந்தாக வேண்டும்போல இருந்தது. கொண்டை ஊசியால் ஒன்றைப் பிரித்தேன். உள்ளே எலும்பு. நூல் நூலாக, குண்டூசி குண்டூசியாக. நடுவில் புளியங்கொட்டை அளவு ஒரு மண்டை. முன்னால் மஞ்சளாக இரண்டு நீளப் பல். எலி மண்டை அக்கா. இன்னொன்றைப் பிரித்தேன். அதிலும் ஒன்று. எட்டையும் பிரித்து முடித்த பிறகுதான் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது தெரிந்தது.

டின்னின் அடியில் ஒரு வெள்ளை இறகு இருந்தது.

பாம்பு இப்படி உருண்டை போடுமா? பாம்புக்கு இறகு ஏது? பாம்பு பிடிக்கிறவர் வருகிறார் என்று நான் சொன்னதும் ஸுஹைப் அழுதுவிட்டான். “பாம்பு இல்ல உம்மா, அது பாம்பே இல்ல” என்றான். பிறகு வாயைக் கடித்துக்கொண்டான்.

உங்கள் கிட்டங்கிக்குள் என்ன இருக்கிறது?

நீங்கள் வீடு தேடி ஓடி வந்ததை மறக்க மாட்டேன். அன்றைக்குச் சொன்னதையும் இன்னும் மறக்கவில்லை. இரண்டையும் எழுதிவிடுவதுதான் நேர்மை என்று எழுதுகிறேன்.

ராஹிலா


28 ஜனவரி 2025

அன்புள்ள ராஹிலா,

உன் கடிதத்தைப் படித்த பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாம்பு பிடிக்கிறவருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்றேன். மதியம் கடையைச் சாத்தினேன். ஏணியைக் கிட்டங்கிக்குள் கொண்டுபோய்ப் பரணில் சாத்தி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். ஐம்பத்திரண்டு வயதில் ஏணி ஏறுகிறவளுக்கு ஒவ்வொரு படியும் ஒரு தெய்வத்தின் பெயர். ஆறுமுகநேரி வரை உள்ள தெய்வங்களை அழைத்துவிட்டேன்.

தலை பரணுக்கு மேலே போனதும் அந்தச் சத்தம் வந்தது. குக்கரில் ஆவி போகிற மாதிரி. நான்கு இடத்திலிருந்து.

பழைய சாக்குக்கு மேலே நான்கு உருப்படி உட்கார்ந்திருந்தன. பஞ்சுத் தலையணையைக் கிழித்துப் போட்ட மாதிரி உடம்பு. ஒன்று பெரியது, அடுத்தது கொஞ்சம் சிறியது, அதற்கடுத்தது இன்னும் சிறியது. படிக்கட்டு மாதிரி வரிசை. மூஞ்சி மட்டும் ஆப்பிளைப் பாதியாக வெட்டி வைத்த மாதிரி. நான்கும் தலையைத் தாழ்த்தி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி, என்னைப் பார்த்துச் சீறின. மேலே வெண்டிலேட்டர் உடைந்திருக்கிறது. தாய் அந்த வழியாகத்தான் போக்குவரத்து போல.

பரண் பலகை ஓரத்தில் உன் பிள்ளைகளின் நெத்திலி. பந்தியில் பரிமாறின மாதிரி ஒவ்வொன்றாக வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஒன்றைக்கூட அவை தொடவில்லை. நாறிக் கிடக்கிறது. பக்கத்தில் நீ பிரித்துப் பார்த்த மாதிரியே கறுப்பு உருண்டைகள்; எலியைத் தின்று இவை கக்கியது.

உனக்குப் புரிந்திருக்கும். ஆந்தைதான். சாக்குருவி. கடைக்காரி வாயால் சொல்லக்கூடாத பெயர்.

ராஹிலா, நான் உன்னிடம் மறைக்க மாட்டேன். இறங்கி வந்து அழுதேன். என் வீட்டுக்காரர் போவதற்கு முந்தின வாரம் எதிர்வீட்டு மாடியில் இது கத்தியது. எல்லோரும் கேட்டோம். அப்புறம் அவர் போனார். இப்போது அது என் தலைக்கு மேலேயே குடும்பம் நடத்துகிறது. கடையில் சாக்குருவி அடைந்திருக்கிறது என்று தெரிந்தால் ஒரு கல்யாண வீட்டுக்காரர் என்னிடம் சரக்கு எடுப்பாரா? தம்பி செந்தூர்வேலிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து கலைத்துவிடுவான். பிள்ளைகளிடம் சொல்லாதே.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. இந்த மாதம் முழுக்க ஒரு மூட்டையும் எலி கடிக்கவில்லை. மருந்து வேலை செய்கிறது என்று நினைத்திருந்தேன். மருந்தைத்தான் உன் மகன் எடுத்துப் புதைத்துவிட்டானே.

சுந்தரி


30 ஜனவரி 2025

அன்புள்ள சுந்தரியக்கா,

பிள்ளைகளிடம் சொல்லக்கூடாது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தை நான் வாய்விட்டுப் படித்துவிட்டேன். ‘ஆப்பிளைப் பாதியாக வெட்டி’ என்று படித்தபோது, கட்டிலுக்கு அடியிலிருந்து “ஆமா, அப்படித்தான் இருக்கும்!” என்று ஒரு சத்தம். இஃப்ரா. அதன் பிறகு மறைக்க என்ன இருக்கிறது?

இரண்டு பேரும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். டிசம்பர் கடைசியில் ஒருநாள் நீங்கள் ஸுஹைபைக் கிட்டங்கிக்குள் அனுப்பி வெறும் அட்டைப்பெட்டி ஒன்று எடுத்துவரச் சொன்னீர்களாம். அப்போது சீறல் கேட்டிருக்கிறான். அரிசி மூட்டைகள் மேல் கால் வைத்து ஏறிப் பார்த்திருக்கிறான். வந்து தங்கையிடம் சொன்னான். சுந்தரி மாமிக்குத் தெரிந்தால் விரட்டிவிடுவார்கள், அதனால் யாரிடமும் சொல்லக்கூடாது என்று இரண்டு பேரும் சத்தியம் செய்துகொண்டார்களாம்.

இஃப்ரா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “நான் மாமிய வேல வாங்குவேன். ஸுஹைப் காக்கா உள்ள போவான். மாமி எம்மேல கோவமா இருந்தா காக்காவத் தேட மாட்டாங்கல்லா.”

அட்டை மாற்றியது, சடை பின்னியது, கடலை கொட்டியது எல்லாம் அதற்குத்தான். ஐந்து வயசு. யார் சொல்லிக் கொடுத்தது என்று தெரியவில்லை. தாய்ப் பறவை பகலில் சாப்பாடு கொண்டுவருவதில்லை, குஞ்சுகள் பட்டினி கிடக்கின்றன என்று நினைத்துக் கருவாடு வைத்திருக்கிறார்கள். தங்களுக்குப் பிடிக்காத சாப்பாடு என்பதால் அதை எடுப்பது களவில் சேராது என்பது ஸுஹைபின் கட்சி.

ஆக, என் பிள்ளைகள் வேண்டுமென்றே செய்யவில்லை என்று அன்றைக்குக் கடையில் நான் சாதித்தது தவறு. வேண்டுமென்றேதான் செய்திருக்கிறார்கள். கேட்காமல் எடுத்தால் அது களவுதான் என்று ஸுஹைபிடம் சொல்லிவிட்டேன். அரிசியில் கல் என்று நான் சொன்னதும் பொய். கோபத்தில் வந்தது. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

இனி நான் கேட்பது. கூட்டைக் கலைக்காதீர்கள் அக்கா. அண்ணாச்சி இறந்த கதையை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். மூன்று நாளாக நெஞ்சு வலித்தது, ‘வாயுதான்’ என்று ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தார், பொங்கல் சரக்கு முடியட்டும் என்றார் என்று சொன்னீர்கள். அதில் எந்தப் பறவையும் வரவில்லையே.

இன்னொன்றும் கேட்கிறேன். கூசாமல் கேட்கிறேன். என் கணவரிடம் குஞ்சுக் கதையைச் சொன்னேன். சிரித்தார். ஆனால், “ஊரு களவாணின்னுல்லா சொல்லுது, ராஹிலா” என்றார். ஊரில் அது இப்போது கருவாடாக இல்லை. நேற்று ஒருத்தி என்னிடமே, கடைக்கார அம்மாவின் கைக்கடிகாரம் கிடைத்துவிட்டதா என்று விசாரித்தாள். நீங்கள் மூன்று பேர் முன்னால் சொன்னதை நான் கடிதத்தில் மறுத்து என்ன பயன்? எனக்கு எழுதுகிற கடிதத்தில் நீங்கள் வருத்தப்பட்டாலும் அது பகவதியின் பால் தூக்கைத் தாண்டி எங்கே போகும்?

ஹாஸ்டலுக்கு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

ராஹிலா


3 பிப்ரவரி 2025

அன்புள்ள ராஹிலா,

ஞாயிற்றுக்கிழமை காலை செந்தூர்வேல் ஒரு நீளக் கம்போடும் சாக்கோடும் வந்துவிட்டான். அவனுக்கு இட்லி வைத்துக் கொடுத்தேன். அவன் சாப்பிடச் சாப்பிட நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். நீ எழுதியது சரிதான். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மூன்று நாளும் நான் பக்கத்தில் இருந்தேன். வாயு என்று அவர் சொன்னதை நானும் நம்பினேன். ஓமம் கொதிக்கவைத்துக் கொடுத்தேன். அந்தப் பழியை யார்மேலாவது போட எனக்கு ஒரு பறவை தேவைப்பட்டிருக்கிறது.

தம்பி கை கழுவிவிட்டுக் கம்பை எடுத்தான். “வேண்டாம்லே, போட்டு வை” என்றேன்.

“என்னக்கா, கடைக்கு ஆகாதுலா?”

“எலிக்குத்தான் ஆகாது” என்றேன். கம்பை வாங்கி வைத்துக்கொண்டு அவனிடம் வெண்டிலேட்டருக்குக் கீழே ஒரு பலகை அடிக்கச் சொன்னேன். தாய் வந்து உட்கார வசதியாக இருக்கும். முணுமுணுத்துக்கொண்டே அடித்தான்.

பிறகு உன் இரண்டாவது விஷயம். தேவகனி டீச்சர் மதியம் வந்தார். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். “டீச்சர், அன்னைக்கு ராஹிலா மகனக் களவாணின்னு சொன்னேன்லா. என் கிட்டங்கியில அடஞ்ச குஞ்சுக்குத் தீனி வைக்கத்தான் எடுத்திருக்கான். நான் வச்ச வெசத்தையும் எடுத்துப் பொதச்சிருக்கான். புள்ளையளோட வாப்பாவப் பத்தி நான் சொன்னது வேண்டாத பேச்சு. நீங்க கேட்டீங்கல்லா, இதையும் கேட்டுக்கிடுங்க.” டீச்சர் “என்ன குஞ்சு?” என்றார். பெயரைச் சொன்னேன். வாங்கின சாமானைக் கல்லாமேல் வைத்துவிட்டு இரண்டு பேர் போய்விட்டார்கள். அதில் ஒருத்தி மகளுக்கு நிச்சயம் வைத்திருக்கிறவள். போகட்டும். டீச்சர் போகவில்லை. ஏணி எங்கே என்று கேட்டார்.

ஜெபகனிக்கு ஆட்டோ ஸ்டாண்டுக்கே போய்ச் சொன்னேன். அவனிடம் சொன்னால் திருச்செந்தூர்வரை போய்விடும். கைக்கடிகாரத்துக்கும் அவனே பதில் சொல்லிக்கொள்வான்.

கடைசியாக உன் மைனி. நீ பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போயிருந்த நேரம் பார்த்து இன்று காலை முடுக்குச் சந்து வழியாக உன் வீட்டுக்கு வந்து, பின்வாசலில் நின்று கூப்பிட்டேன். சொன்னேன். அவர்கள் “சரி, அதுக்கென்ன, விடுங்க” என்றார்கள். “விட முடியாது, அன்னைக்குப் போட்டீங்கல்லா, அதே நம்பருக்குப் போடுங்க” என்றேன். போட்டார்கள். உன் வீட்டுக்காரரிடம் நானே பேசினேன். நான் நடந்ததையெல்லாம் சொல்லி, “தம்பி, நீங்க பக்கத்துல இல்லாத குறையச் சொல்லிட்டேன், அது என் தப்பு” என்றேன். லைன் கட்டாகிவிட்டது என்றே நினைத்தேன்.

கடைசியில் கேட்டார். “அக்கா, எத்தன குஞ்சு?”

“நாலு.”

“அவன் ஏறும்போது பயப்படலியாமா?”

“பயந்திருந்தா திரும்பத் திரும்பப் போவானா தம்பி?”

பிறகு, “நான் சின்னதுல கிணத்துக்குள்ள எட்டிப் பாத்து விழுந்தவன். எங்க உம்மாட்ட கேளுங்க” என்று சிரித்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்ட மாதிரியும் கேட்டது. அதை நான் உனக்குச் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

இனி ஒழுங்கு. செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் நான்கு மணிக்குப் பிள்ளைகள் வரலாம். ஏணியை நான் பிடிப்பேன். ஒருவர் இறங்கிய பிறகுதான் அடுத்தவர் ஏற வேண்டும். கருவாடு கிடையாது. குஞ்சைத் தொடக் கூடாது. டின் அட்டைகளை இஃப்ராவே சரிபார்த்துத் தர வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகின மாதிரியும் இருக்கும்.

நீயும் வா. கடைப் படி ஏற மாட்டேன் என்றாய். ஏணிப் படியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சுந்தரி


12 பிப்ரவரி 2025

அன்புள்ள சுந்தரியக்கா,

உங்கள் எண்ணைத் திறந்துவிட்டேன். நேற்று நேரிலும் வந்துவிட்டேன். இனி பகவதிக்கு வேலை இல்லை. ஆனாலும் இதைப் பேசினால் எனக்குச் சரியாக வராது. அதனால் இன்னும் ஒரு கடிதம்.

முதலில் ஹாஸ்டல் செய்தி. அவர் வேண்டாம் என்று சொல்லிவிடவில்லை. “இந்த வருசம் இருக்கட்டும், ஜூலைல நான் வந்து பாத்துக்கிடுதேன்” என்றிருக்கிறார். எனக்கு அது போதும். இப்போது தினமும் இரவில் போனில் ஸுஹைபிடம் முதலில் பேசுகிறார். ‘பெருசு பறந்துட்டா? சின்னது எப்படி இருக்கு?’ என்று விசாரிக்கிறார். என்னைக் கடைசியில்தான் கேட்கிறார்.

நேற்று நான் ஏணியில் நின்றபோது, நீங்கள் முன்கடையில் யாருக்கோ உளுந்து நிறுத்துக்கொண்டே, “என்னளா தெரியுது? எப்படி இருக்கு?” என்று நான்கைந்து தடவை குரல் கொடுத்தீர்கள். நான் பதில் சொல்லவில்லை. கேட்காமல் இல்லை. சொல்ல வாய் வரவில்லை.

சின்ன வயதில் நான் மரம் ஏறியதில்லை. மதில் ஏறியதில்லை. விழுந்துவிடுவாய், பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்றே வளர்ந்தேன். பிள்ளைகளுக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று முதல் படியில் கால் வைத்தபோது கீழே ஏணியைப் பிடித்திருந்தது தேவகனி டீச்சர். “பயப்படாதம்மா, நான் மூணு தடவ ஏறிட்டேன்” என்றார்.

மேலே நீங்கள் எழுதியது போலவே இருந்தன. ஆனால் பஞ்சு பாதி உதிர்ந்து, உள்ளிருந்து இறகு வந்துவிட்டது. பொன்னிறத்தில், மேலே மிளகு தூவின மாதிரி. பெரியது பலகையின் விளிம்பில் நின்று இறக்கையை விரித்து அடித்துப் பார்த்தது. அடித்த வேகத்தில் அதுவே பயந்து பின்னால் நகர்ந்தது. மறுபடி விளிம்புக்கு வந்தது. மறுபடி அடித்தது. மற்ற மூன்றும் அதையே பார்த்துக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்து ஒன்றுகூடச் சீறவில்லை. அவற்றுக்கு என்னைவிட முக்கியமான வேலை இருந்தது.

கடைக்குட்டி மட்டும் என் பக்கம் திரும்பியது. தலையை மெல்லச் சாய்த்தது. இன்னும் சாய்த்தது. கிட்டத்தட்டத் தலைகீழாக வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. இது என்ன, இது ஏன் இங்கே வந்து நிற்கிறது என்று கேட்கிற மாதிரி. நானும் என்னை அறியாமல் தலையைச் சாய்த்தேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை.

கீழேயிருந்து இஃப்ரா என் சேலை நுனியைப் பிடித்து இழுத்தாள். “உம்மா, போதும், எறங்குங்க. இப்ப என் மொற.”

நான் இறங்கவில்லை அக்கா.

ராஹிலா